பாதிக்குப் பாதி

1988, ஏப்ரல் 20

மல்லி இன்று குட்டி போட்டது. நான்கு சுத்த வெள்ளை. ஐந்தாவதற்கு மட்டும் வலது காதில் செம்பட்டையாக ஒரு கறை, புளியங்கொட்டை அளவு.

எங்கள் தோப்பில் வளர்ப்பது வெள்ளை வேட்டை நாய்கள். மூக்கு ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். உடம்பில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது. அப்பாவின் நாய்களுக்கு அதில்தான் பேர். கறையோடு பிறந்ததை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். போன வருஷம் வரை அப்பாவே செய்தார். இந்த வருஷம் என்னைச் செய்யச் சொல்லிவிட்டார். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் கல்தொட்டி, ஒரு சாக்கு, சாக்குக்குள் ஒரு கல். கை நடுங்கினால் அதிக நேரம் ஆகும். எனக்கு அதிக நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது அப்பா மல்லியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கறை இவ ரத்தத்துல இருக்கா, இல்ல அந்தக் குட்டிக்கு மட்டும் வந்ததா? அது தெரிஞ்சாப் போதும். இவ ரத்தம்னா இவளையும் தொலைச்சிரணும். குட்டியோட மட்டும்னா, குட்டிய எடுத்துட்டாச் சுத்தம். எவனுக்கும் சொல்லத் தெரியல."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நாயைப் பற்றித்தான் பேசினார். ஆனால் என்னைப் பார்த்துப் பேசினார்.

ஏப்ரல் 21

தீவன அறையில் இருந்து எழுதுகிறேன். பொங்கலிலிருந்து இங்கேதான் படுக்கை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். யாராவது திடீரென்று வந்தால் நான் கண்ணில் படக் கூடாது. அப்பா எனக்கென்று கயிற்றுக்கட்டில் வாங்கிப் போட்டார். நல்ல கட்டில். எழுதி முடித்ததும் இந்த நோட்டைக் கேப்பை மூட்டைக்குள் திணித்துவிடுவேன்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறந்ததிலிருந்தே வெள்ளை. இடது கண் நீலம், வலது கண் கருப்பு. இடது காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கோலிக்குண்டு' என்பார்கள். வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் உலகமே நின்றுவிடும். அதனால் அந்தப் பக்கம் நான் படுப்பதே இல்லை. யாராவது வந்து நின்றால் தெரியாது.

நான் பிறந்த அன்று அப்பா அம்மாவிடம், "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு இல்ல. நீ எங்கருந்து கொண்டுவந்த?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கறைக்குட்டி பிறக்கும்போதெல்லாம் அது அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிடும்.

அம்மா நேற்று ராத்திரி கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இன்று தலைக்குக் கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்துவிடும்போது முதுகைப் பார்த்தேன். கண்ணி கண்ணியாக இருந்தது, நாய்ச் சங்கிலியைப் போல. அம்மாவுக்கு இருபது வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. வாரம் தவறாமல் கருப்பாக்குவது என் வேலை.

ஏப்ரல் 27

கோவில்பட்டியிலிருந்து ரெங்கசாமி என்பவர் தன் மகனுக்கு அக்காவைப் பார்க்க வந்தார். அவரும் நாய்ப் பிரியர். மல்லியின் குட்டிகளில் ஒரு ஜோடியை முன்பே சொல்லி வைத்திருக்கிறார். அப்படித்தான் சம்பந்தமே ஆரம்பித்தது.

சுவரில் வலது காதை வைத்துக் கேட்டேன்.

"அண்ணாச்சி, நான் தாயப் பாக்காமக் குட்டி எடுக்கிறதில்ல. பொண்ணுக்கும் அதான் கணக்கு. உங்க வீட்டுல எல்லாம் சுத்தம்னு எனக்குத் தெரியும். ஒரே பிள்ளதானா?"

"ஒரே பொண்ணு, சம்மந்தி" என்றார் அப்பா.

பிறகு குட்டிகளைப் பார்க்க எழுந்தார்கள். நான் அதற்குள் சுவரை விட்டு வந்து மல்லிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன், ஓட இடமில்லை. ரெங்கசாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"நாய் பாத்துக்கிற பிள்ள. தாய் தகப்பன் இல்ல. போகட்டும்னு வச்சிருக்கோம்."

"அதானே பாத்தேன். உங்க வீட்டுப் பிள்ளையோன்னு ஒரு நிமிஷம் வயித்தக் கலக்கிருச்சு." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பின்னால் செண்பகா அக்கா காப்பித் தட்டோடு நின்றாள். தடுமாறவே இல்லை. "ஏட்டி, என்ன மரம் மாதிரி நிக்கிற? மாமாவுக்குக் கைகழுவத் தண்ணி கொண்டா" என்றாள். அக்கா எப்போதும் கெட்டிக்காரி.

ஊரில் எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும். ஆனால் கோவில்பட்டிக்காரர்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் யாருக்கு வேண்டும்?

மே 3

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கோடைச் சிறப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. உயிரியல் எடுக்கும் எஸ்தர் டீச்சர் இரண்டு பாசிமாலைகளோடு வந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"சிவப்பு அப்பா கொடுத்தது, பச்சை அம்மா கொடுத்தது. நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் இப்படி ஜோடி ஜோடியா இருக்கு. நம்ம பிள்ளைக்கு ஜோடியில ஒண்ணுதான் போகும். எது போகும்?"

சிலர் சிவப்பு என்றார்கள், சிலர் பச்சை என்றார்கள். டீச்சர் இரண்டையும் ஒட்டி வைத்து, ஒரே இடத்தில் கத்தரியால் வெட்டி, நுனிகளை மாற்றி முடிந்தார். இப்போது இரண்டு மாலையுமே கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் பச்சை.

"இதுல ஒண்ணு போகும். இந்த மாலை இதுக்கு முன்னால உலகத்துல கிடையாது. அதனாலதான் ஒரே வயித்துல பிறந்தவங்க ஒரே மாதிரி இருக்கிறதில்ல." பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் பாசியை எடுத்தார். "இன்னொண்ணும் நடக்கும். மாலையப் பாத்து மாலை கோக்கும்போது ஒரு பாசி தவறிப்போய், அந்த இடத்துல அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் இல்லாத ஒரு பாசி வந்து உக்காந்துரும். திடீர் மாற்றம். யாரு செஞ்ச தப்பும் இல்ல. கோடி தடவை நகல் எடுத்தா சிலது பிசகத்தான் செய்யும். அந்தப் பிசகு இல்லேன்னா இந்த உலகத்துல புதுசா எதுவுமே வந்திருக்காது."

பின்வரிசையில் யாரோ "கோலிக்குண்டு பாசி" என்றார்கள். வகுப்பே சிரித்தது. நான்கூடச் சிரித்தேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, ஆனால் துக்கத்தால் இல்லை.

வகுப்பு முடிந்ததும் நின்று கேட்டேன். "டீச்சர், எனக்கு வந்தது அப்படி வந்ததா?"

"அப்படி இருக்கலாம். ரெண்டு வம்சத்துலயும் யாருக்கும் இல்லேன்னா, உன்கிட்டதான் புதுசா ஆரம்பிச்சிருக்கணும்."

"அப்ப எங்க அக்காவுக்கு?"

"உன்கிட்ட ஆரம்பிச்சதுன்னா அவளுக்கு எப்படி இருக்கும்?"

"எனக்குக் குழந்தை பிறந்தா?"

"பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டுற மாதிரி." டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது ஆவுடை. சில வீட்டுல வேற ஆளுக்கும் இருக்கும், வெளிய தெரியாது. தோல்ல ஒரு வெள்ளைத் திட்டு, சின்ன வயசுலயே நரை, அவ்வளவோட நின்னுரும். அப்படி இருந்தா கணக்கே வேற. உங்க வீட்டுல யாருக்காவது அப்படி உண்டா?"

"இல்ல டீச்சர்" என்றேன்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே இலந்தை இலை அளவு ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று ஏழு வயதில் மாரியம்மன் கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. சத்தியம் என்றால் டீச்சருக்கும் சேர்த்துத்தான்.

மே 5

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள், அக்கா மாலை நேரத்துப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு வந்தது அம்மா கொண்டுவந்தது இல்ல. யாரு ரத்தமும் இல்ல. கரு உண்டாகும்போது ஒரு எழுத்து மாதிரி ஒண்ணு பிசகிருக்கு, அவ்வளவுதான். டீச்சர் சொன்னாங்க. புஸ்தகத்துலயும் இருக்கு."

அப்பா கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். அவர் கோபப்படவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

"அப்ப செண்பகாவுக்கு அது கிடையாது?"

அக்காவின் கையில் நூல் நின்றது.

"கிடையாதுப்பா."

"அவ பிள்ளைகளுக்கு?"

"வராது."

"நிச்சயமா?"

டீச்சர் 'சொல்ல முடியாது' என்றதை நான் சொல்லவில்லை. அம்மாவின் முதுகு என் கண் முன்னால் இருந்தது. "நிச்சயம்" என்றேன்.

"உன் பிள்ளைகளுக்கு?"

"பாதிக்குப் பாதி."

அப்பா சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தார். பிறகு சிரித்தார். எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார், வெள்ளைக் கொத்தின் மேலேயே. நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

"பதினாறு வருஷமா இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். எல்லாம் உன்னோடதான் இருக்கு. உன்னோட முடிஞ்சிருது. வீடு சுத்தம்."

அம்மா அழுதாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

மே 6

அப்பா கசாப்புக் கடைக்குப் போய் மல்லிக்கு எலும்பு வாங்கி வந்தார். "உன் மேல தப்பு இல்லட்டி" என்று அதைத் தட்டிக் கொடுத்தார். அம்மாவிடம் மரியாதையாகப் பேசுகிறார். என்னிடம் ஒரு விஷயம்தான் சொன்னார். இனிமேல் நான் வீட்டுக்குள் வந்து சாப்பிட வேண்டாமாம். தட்டு இங்கே வந்துவிடும்.

மே 12

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மஞ்சள் தடவ என்னிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றின் நான்கு மூலையிலும் தடவினேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், கைக்குழந்தை பேர்கூடப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பத்திரிகையை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

மே 15

ரெங்கசாமி குட்டிகளைச் சோதிக்க வந்தார். வெள்ளை நாயில் சிலது செவிடாகப் பிறக்கும். கண் திறந்து, காது திறந்ததும் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார்கள். திரும்பினால் நல்லது. திரும்பாவிட்டால் கல்தொட்டி.

மூன்று திரும்பின. ஒன்று மல்லியின் காலைக் கடித்து விளையாடிக்கொண்டே இருந்தது. இருப்பதிலேயே அதுதான் வெள்ளை. பால் மாதிரி.

"பாவம், பாக்க அழகுதான்" என்று சொல்லிக்கொண்டே ரெங்கசாமி தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் குனிந்து கலயம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏதோ காலில் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் என் இடப்பக்கம் தட்டு கிடந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இதுவும் செவிடா அண்ணாச்சி?"

"பாதி" என்றார் அப்பா.

சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா சாக்கைக் கொண்டுவரச் சொன்னார். இந்தத் தடவை கை அவ்வளவு நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 27

இன்று அக்கா கல்யாணம். நாய்களுக்கு இரண்டு வேளையும் கூழ் காய்ச்சினேன். தோப்பிலிருந்து மேளம் கேட்டது, வலது காதில்.

ஆகஸ்ட் 9

அக்கா முழுகாமல் இருக்கிறாளாம். அம்மா சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டாள்.

அக்டோபர் 18

எஸ்தர் டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு நர்ஸிங் பள்ளிக்கு எனக்காக எழுதிப் போட்டிருக்கிறார். விடுதியிலேயே தங்கலாம். உயிரியலில் நல்ல மதிப்பெண் வேண்டும். அப்பாவிடம் டீச்சரே வந்து பேசினார். அப்பா உடனே சரி என்றார். "ஊர விட்டுப் போனாச் சரி" என்றார். எப்படிச் சொன்னால் என்ன, சரி என்றார்.

மார்ச்சில் பரீட்சை. தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கூடம் போக வேண்டாம், தோப்பிலிருந்தே படி என்று அப்பா சொல்லிவிட்டார். அதுவரைக்கும் நான் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும்.

1989, ஜனவரி 22

வளைகாப்பு முடிந்து அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள். கை நிறைய வளையல். நன்றாகச் சிவந்திருக்கிறாள்.

மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது தீவன அறைக்கு வந்தாள். ஒரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. என் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அதை அவள் மறக்கவில்லை.

"ஏட்டி, அன்னைக்கு அப்பாகிட்டச் சொன்னியே, அதத் திரும்பச் சொல்லு."

"உன் பிள்ளைக்கு வராதுக்கா."

என் கையை எடுத்துத் தன் இடுப்பில், சேலைக்கு மேலேயே, அந்த இடத்தில் வைத்தாள். "அப்ப இது என்ன?"

உள்ளே குழந்தை புரண்டது. என் விரலில் தெரிந்தது.

"அது தேமல்க்கா. சின்னதுலருந்து உள்ள தேமல்."

"ஆமா, தேமல்தான்" என்றாள். பிறகு என் கையை உதறினாள். "இனிமே என் வயித்தத் தொடாத."

பிப்ரவரி 25

விடிகாலையில் பிறந்தது. பெண். நர்ஸ் வருவதற்குள் வந்துவிட்டது, அம்மாதான் கையில் வாங்கினாள்.

இதை எழுதாமல் தூங்க முடியாது. எழுதினாலும் தூங்கப் போவதில்லை.

நெற்றிக்கு மேலே ஒரு கொத்து வெள்ளை. ஈரமாக, பூனைக்குட்டி முடி மாதிரி. இரண்டு கண்ணும் நீலம்.

நர்ஸை அப்பா வேலிப்படலிலேயே நிறுத்தி, "செத்துப் பிறந்துருச்சும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார். "தொட்டியில தண்ணி நெரப்பு" என்றார்.

நான் நிரப்பினேன். கை தானாகப் போய் பம்புசெட்டு சுவிட்சைப் போட்டது. தண்ணீர் விழுகிற சத்தத்தில்தான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அப்போது தொட்டி முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

உள்ளே ஓடினேன். அம்மா குழந்தையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு மூலையில் குத்தவைத்திருந்தாள். அப்பா சங்கிலியை எடுத்து அவளை இரண்டு அடி அடித்தார். "அப்ப உன் ரத்தந்தானட்டி! இத்தன வருஷமா என்ன ஏமாத்திட்டு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "வராதுன்னு நீதானே சொன்ன? நிச்சயம்னு சொன்னியே?"

அக்கா பாயில் படுத்தபடி என்னையே பார்த்தாள். சேலையை இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சூடம் அடித்த கை.

"அம்மா மேல தப்பு இல்லப்பா" என்றாள் அக்கா. குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாகத்தான் பேசினாள். "நான் மாசமா இருக்கும்போது இவ என் வயித்தத் தொட்டா. இவ மூஞ்சியிலதான் தெனமும் முழிச்சேன். இவகிட்டருந்துதான் வந்திருக்கு."

அப்பா என்னை அடித்தார். அது பரவாயில்லை. குழந்தையைப் பிடுங்கக் கை நீட்டியபோது அம்மா கத்தினாள், "பச்சப்பிள்ளைங்க, கொலைங்க, செண்பகா, நீயாவது சொல்லுட்டி!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே பேசினாள்.

"இவ பிள்ளைன்னு சொல்லிரலாம்."

அப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"என் பிள்ள செத்துப் பிறந்துச்சு. இது இவ பிள்ள. எவன்கிட்டயோ போயிட்டு வந்தான்னு சொல்லுங்க. யாரு சந்தேகப்படுவா? தலையப் பாருங்க, கண்ணப் பாருங்க. இவளே புஸ்தகத்தப் படிச்சுச் சொன்னாளே, இவ பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வரும்னு."

அப்பா சங்கிலியை ஆணியில் மாட்டினார். யோசித்தார். குட்டியைப் பார்க்கிற மாதிரிக் குழந்தையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"கேக்கிறவகிட்டயெல்லாம் உன் பிள்ளைன்னு சொல்லணும். ஒரு ஆளுகிட்ட, ஒரே ஒரு தடவ மாத்திச் சொன்ன..." வெளியே கையைக் காட்டினார். "தண்ணி அப்படியே இருக்கட்டும். எறைச்சிராத."

பிப்ரவரி 26

கோவில்பட்டிக்குத் தந்தி போய்விட்டது.

அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. வற்றுவதற்காக அம்மா மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுகிறாள். வீடு முழுக்கக் கல்யாண வாசனை. இங்கே நான் பஞ்சைத் தோய்த்து ஆட்டுப்பால் விடுகிறேன். குழந்தை அழும்போதெல்லாம் அந்தப் பக்கம் அக்காவின் மார்த்துணி நனைந்துவிடுகிறதாம். "அத அழவிடாதேன்னு சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறாள்.

பிப்ரவரி 28

ரெங்கசாமியும் அத்தானும் துக்கம் கேட்க வந்தார்கள். அத்தான் தேம்பி அழுதார். போகும்போது என் மடியைப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்றார்.

"இதுக்குத்தான்" என்றார் அப்பா, என்னைக் காட்டி. "சோறு போட்ட வீட்டுக்கு இப்படிப் பண்ணிருச்சு."

அத்தான் குனிந்தார். குழந்தை கண்ணைத் திறந்து அவரையே பார்த்தது. வாய் அவர் வாய்தான், கீழுதடு நடுவில் பிளந்த மாதிரி. அவர் பார்த்தது கண்ணை மட்டும்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தார்.

"விதை பொய் சொல்லாது பாத்தீங்களா" என்றார் ரெங்கசாமி. "நல்லவேள, உங்க வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மார்ச் 6

பரீட்சை தொடங்கிவிட்டது. முதல் நாள் தமிழ். குழந்தையை விட்டுவிட்டு நான் போகவில்லை.

மார்ச் 8

ஊருக்குள் தெரிந்துவிட்டது. என்னைப் பெற்றவர் யார் என்று அறிந்த ஊர்தான். ஆனால் குழந்தையைப் பெற்றவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பால்காரர் மட்டும் கேட்டார், அப்பன் யார் என்று. லாரிக்காரன் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். எந்த ஊர் என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். "தெரியாது" என்றேன். பால்காரர் காறித் துப்பினார்.

மார்ச் 16

இன்று உயிரியல் பரீட்சை.

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் வந்தார். வெயிலில் மூன்று மைல் நடந்து வந்திருக்கிறார். கையில் என் ஹால் டிக்கெட். வேலிக்கு வெளியே இருந்தே திட்டிக்கொண்டு வந்தார்.

"ஆவுடை! உடம்புக்கு என்ன? ஒரு ஆள்கிட்டச் சொல்லி விடக்கூடாதா? பாளையங்கோட்டைக்கு நான் என்ன பதில்..."

அப்புறம் பார்த்தார்.

அப்பா தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் தளும்ப நிரம்பி இருந்தது. "நீங்க மெனக்கெட்டுப் படிக்க வச்சீங்க டீச்சர். அது படிச்ச பாடத்தப் பாத்தீங்களா?" என்றார், கை அலம்பியபடி.

டீச்சர் மண்டியிட்டார். குழந்தையின் தலையில் இருந்த துணியை விலக்கினார். வெள்ளைக் கொத்தை ஒரு விரலால் தொட்டார். என் நெற்றியைப் பார்த்தார். குழந்தையின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேளுங்கள் டீச்சர், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று அன்றைக்குக் கேட்டீர்களே, அதை இன்னொரு தடவை கேளுங்கள். இந்தத் தடவை அப்பா பார்க்காத மாதிரி எப்படியாவது தலையை ஆட்டிவிடுவேன் என்று நினைத்தேன்.

"உண்மையச் சொல்லு. இது உன் பிள்ளையா?"

தொட்டியில் அப்பாவின் கை தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தது.

"ஆமா டீச்சர்."

டீச்சர் விரல் மடக்கி எதையோ எண்ணினார். மே, ஜூன் என்று அவர் உதடு அசைந்தது. பிறகு அவர் முகம் மாறியது.

"அதுக்குத்தான் அன்னைக்கு வந்து கேட்டியா? உனக்குக் குழந்தை பிறந்தா வருமான்னு? நான் ஒரு முட்டாள், பாடத்துல ஆசைப்பட்டுக் கேக்கிறேன்னு நெனச்சேன்."

ஹால் டிக்கெட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேலி வரை போய், திரும்பாமலே சொன்னார். "பத்து மார்க் கேள்வி அதான் வந்திருந்தது. உயிரினங்கள்ல வேறுபாடு எப்படித் தோன்றுதுன்னு. நீதான் முழுசா எழுதிருப்ப."

அவர் போன பிறகு அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது எவர்சில்வர் தட்டு கையில் இருந்தது.

"இது காது கேக்குதான்னு பாத்தியா?"

"கேக்குதுப்பா."

"நகரு. நான் பாக்கிறேன்."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதன் பின்னால் போய் நின்றார். நான் துணிக்குள் கையை விட்டு அதன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டேன். தட்டு விழுவதற்காகக் காத்திருந்தேன். விழுந்த அதே நொடியில் நகத்தால் கிள்ளினேன். முழுப் பலத்தோடு. குழந்தை தூக்கி வாரிப்போட்டு வீறிட்டது.

"கேக்குது" என்றார் அப்பா. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன். அழுது அழுது இப்போதுதான் தூங்குகிறது. உண்மையிலேயே கேட்கிறதா என்று நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. பேரும் யாரும் வைக்கவில்லை, அதனால் நானே ஒன்று வைத்தேன். எந்தக் காதில் விழும் என்று தெரியாததால் இரண்டு காதிலும் சொன்னேன்.

தொட்டியில் பாசி பிடிக்கிறது. விடிந்ததும் தண்ணீரை மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார்.